முதலில் வந்த பக்கம்

ஒரு சொல் எளிதா, கடினமா என்று சொல்வதுதான் அந்த அலுவலகத்தில் சுஜாவின் வேலை. கூகுளில் ஒருவர் எதையாவது தட்டித் தேடினால் முதல் பக்கத்தில் பத்துத் தளங்கள் வரும். அந்தப் பத்துக்குள் தங்கள் வாடிக்கையாளரின் தளத்தை நுழைக்க முடியுமா, முடியாதா என்று அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். முடியும் என்று அவள் சொன்னால்தான் மற்ற வேலைகள் தொடங்கும்.

பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். நடத்தியவன் வினீத். அவன் வீட்டார் ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்த தமிழர்கள். கடையில் போய் உட்கார மனமில்லாமல் அவன் இதைத் தொடங்கியிருந்தான். சுஜா நாகர்கோவில் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு வந்து, ஸ்ரீவராகத்தில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தாள்.

கணிப்புக் கருவிகள் காட்டும் எண்களை அவள் பெரிதாக நம்புவதில்லை. பத்துத் தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பாள். அரசுத் துறை, பத்திரிகை, பெரிய ஆஸ்பத்திரி என்று இருந்தால் அது கடினம். யாரோ எழுதிப் பாதியில் விட்ட வலைப்பூக்களும் பதில் வராத கேள்விகளுமாக இருந்தால் எளிது. அவள் கணிப்பு அநேகமாகத் தப்பாது.

2009 ஆனி மழையில் நெடுமங்காடு பக்கத்திலிருந்து ஒரு வைத்தியசாலை வாடிக்கையாக வந்தது. 'ஆயுர்வேதம் கேரளா' என்று தேடினால் தாங்கள் வர வேண்டும் என்றார்கள்.

"அதுல ஏற முடியாது வினீத்," என்றாள் சுஜா. "டூரிசம் டிப்பார்ட்மெண்டும் பெரிய கம்பெனிகளுமா உக்காந்திருக்கு. எத்தனை வருஷம் ஆனாலும் நம்ம தலை தெரியாது."

"பின்னே எதுல ஏறலாம்?"

"நோய்ப் பேரை வச்சு நீளமாத் தேடுவாங்கல்லா, அதுல பாக்கேன்."

மூட்டுவலி, சர்க்கரை, சொரியாசிஸ் எல்லாமே கடினமாக இருந்தன. பிறகு ஒரு கண்நோய் கிடைத்தது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி நடுவில் கொஞ்சம்தான் மிஞ்சும். அந்தப் பெயரோடு 'முழு குணம், கேரளா' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தாள். முதல் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி இல்லை, ஒரு டாக்டர் இல்லை. நோய் வந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் மன்றங்கள்தான் இருந்தன. 'இங்கே யாருக்காவது குணமாகியிருக்கிறதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் கீழே இன்னொருவர், 'எனக்கும் தெரிய வேண்டும்' என்று எழுதியிருந்தார். இவ்வளவு காலியான முதல் பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. 'மிக எளிது' என்று குறித்தாள்.

"வைத்தியர் இதுக்குப் பாப்பாரா?" என்று வினீத்திடம் கேட்டாள்.

"கண்ணுல விட எண்ணெய் உண்டுன்னு சொன்னாங்க."

"குணமாகுமா?"

"அது அவங்க பாக்க வேண்டிய ஜோலி. நம்ம ஜோலி ரேங்க், தளத்தை மேல ஏத்துறது."

பக்கத்தை அவளே எழுதினாள். தலைப்பில் தேடுகிறவர்களின் சொற்களை அப்படியே வைத்தாள். வேறு தளங்களிலிருந்து நிறைய இணைப்புகள் வாங்கிச் சேர்த்தாள்; பல தளங்கள் சுட்டும் பக்கத்தைத்தான் கூகுள் மேலே வைக்கும். எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்று வினீத் அலுவலக முகவரியையும் தொலைபேசி எண்ணையும் போடச் சொன்னான். ஓணத்துக்குள் பக்கம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வினீத் எல்லோருக்கும் பாயசம் வாங்கித் தந்தான்.

ஓணம் முடிந்து அலுவலகம் திறந்த வாரம் ஒரு குடும்பம் படியேறி வந்தது. அப்பா, அம்மா, ப்ளஸ் டூ படிக்கிற வயதில் ஒரு பெண். பகல் வெளிச்சத்திலேயே அந்தப் பெண் வழியில் கிடந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். அம்மா திரும்பிப் பார்க்காமலே அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வள்ளியூர்ல இருந்து வாரோம்," என்றார் அப்பா. பால்பாண்டி என்று பெயர் சொன்னார். "கண்ணுக்குப் பாக்குத வைத்தியசாலை இதுதானே?"

வினீத் எட்டிப் பார்த்தான். "சுஜா, தமிழ் ஆளுகளாக்கும். நீ ஒண்ணு பேசி நெடுமங்காடு பஸ்ல ஏத்தி விடு."

சுஜா அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"மதுரையில பெரிய ஆஸ்பத்திரில காட்டியாச்சும்மா," என்றார் பால்பாண்டி. "இதுக்கு மருந்தே இல்ல, பழகிக்கிடணும்னுட்டாங்க. எங்க அண்ணன் மவன் பிரவுசிங் சென்டர்ல இருக்கான். அவன் கம்ப்யூட்டர்ல தேடுனான். மொதல்ல இந்தப் பேருதான் வந்துச்சு. லோகத்துல எத்தனை ஆஸ்பத்திரி இருக்கு. அம்புட்டையும் விட்டுட்டு இது மொதல்ல வருதுன்னா சும்மாவா வரும்?"

சுஜா உள்ளே எட்டிப் பார்த்தாள். வினீத் உள்ளறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அதை மொதல்ல வர வச்சது நான்தான்," என்றாள்.

"வர வைக்கதுன்னா?"

"குணமாக்குவோம்னு எந்தக் கண் டாக்டரும் எழுத மாட்டாங்க. ஆகாதுன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால அந்த இடம் காலியாக் கெடந்துது. அதுல நான் எழுதிப் போட்டேன். வைத்தியரை நான் பாத்தது கூட இல்ல."

பால்பாண்டி மனைவியைப் பார்த்தார். மாடம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க டாக்டரா?"

"இல்லம்மா."

"அப்ப ஆகாதுன்னு நீங்க எப்படிச் சொல்லுதீய?"

"ஆகும்னு எழுதினப்பவும் நான் டாக்டர் இல்லம்மா."

மாடம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "விடிகாலம் ரயிலேறி வந்திருக்கோம். வாசல்லயே வச்சு இப்படிச் சொன்னா எப்படி?"

அதுவரை பேசாமல் இருந்த பெண், இசக்கிசெல்வி, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, தேடிப் பிடித்தது போல் சுஜாவைப் பார்த்தாள். "நீங்க தேடுனப்போ, சரியாயிட்டுன்னு ஒருத்தர் கூட எழுதலையா அக்கா?"

"எழுதல."

"ம்," என்றாள் அவள்.

"வந்தது வந்தாச்சு," என்று எழுந்தார் பால்பாண்டி. "ஒரு தடவை காட்டிட்டுப் போயிருதோம். காட்டாமப் போனா வீட்டுல ஒறக்கம் வராது. வழியைச் சொல்லும்மா."

சுஜா பஸ் நிற்கும் இடம் வரை கூடப் போனாள். மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். மாடம்மாள் முகம் கொடுக்கவில்லை. இசக்கிசெல்வி மட்டும் சுஜாவின் செல்போன் எண்ணைக் கேட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பஸ் கிளம்பியது.

திரும்பி வந்ததும் வினீத்திடம் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னாள்.

"நல்லா ஓடுறதை எதுக்கு எடுக்கணும்? நாம டாக்டரும் இல்ல, போலீசும் இல்ல."

"குணம்ங்கற வார்த்தையை மட்டுமாவது எடு."

"அது போனா ரேங்கும் போகும். நீ சொல்லித் தந்ததல்லே?" அவன் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல்தான் கேட்டான்.

அந்த மாதத்தோடு சுஜா வேலையை விட்டாள். வேறொரு கம்பெனியில் சேருவதற்கு முன் கிடைத்த நாட்களில், ஸ்ரீவராகத்து அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். தலைப்பில் அதே சொற்கள். முதல் வரியில், இப்போதைக்கு இதற்குக் குணம் இல்லை என்று இருந்தது. அதன் கீழே, ஊனச் சான்றிதழ் எங்கே வாங்குவது, பரீட்சை எழுத உதவியாள் கேட்பது எப்படி, எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் எது, தடி பிடித்து நடக்க எங்கே கற்றுத்தருகிறார்கள் என்பதெல்லாம்.

வெளியிடும் முன் வழக்கம்போல முதல் பத்தைத் திறந்து பார்த்தாள். உச்சியில் அவள் பழைய பக்கம் இருந்தது. தலைப்பு சரியாக இருந்தது. இணைப்புகள் வலுவாக இருந்தன. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாராவது கேட்டிருந்தால், இதில் ஏற முடியாது, விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள்.

இணைப்புக் கொடுத்தவர்களுக்கெல்லாம் எழுதி எடுக்கச் சொன்னாள். ஓரிருவர் எடுத்தார்கள். மன்றங்களில் கேள்வி கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதித் தன் பக்கத்தைக் காட்டினாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒரு தாய், 'இதைச் சொல்ல நீ எதற்கு?' என்று எழுதினாள். தை பிறக்கும்போது அவள் பக்கம் இரண்டாவது இடத்துக்கு வந்திருந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம் இசக்கிசெல்வி அழைத்தாள்.

"அக்கா, பரீட்சைக்கு எழுத ஆள் வேணும்னு யார்கிட்ட மனு கொடுக்கணும்?"

சுஜா விவரமாகச் சொன்னாள். பிறகு தயங்கிக் கேட்டாள். "வைத்தியர் எண்ணெய் குடுத்தாரா? இன்னும் விடுறீங்களா?"

"அம்மா விடுதா. விட்டா ரொம்ப எரியுது. இப்ப பேப்பர்ல எழுத்தும் தெரிய மாட்டேங்கு."

"நிறுத்திடு இசக்கி. மதுரையில ஒரு தடவை போய்க் காட்டு."

"நிறுத்தச் சொன்னா அம்மா அழுதா அக்கா." குரலைத் தாழ்த்தினாள். "அம்மா வாரா, அப்புறம் பேசுதேன்."

சுஜா அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. மாலைக்குள் தன் பக்கத்தில் எண்ணெயைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தாள். எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும், கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று எழுதினாள். பிறகு தலைப்பில் வைத்த அதே சொற்களைத் தட்டித் தேடிப் பார்த்தாள். அவளுடைய பக்கம் இரண்டாவதாகவே இருந்தது.