பூனை போக மீதி

1

இந்தக் கதை ஒரு குளியலறை எடைப்பலகையின் மேல் பிறந்தது. என் தம்பி ரெய்னோ செத்துப்போன பாப்கேட் என்ற காட்டுப்பூனை ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அதன்மேல் நின்றான். அவன் மனைவி சில்வி குனிந்து எண்ணைப் படித்தாள். கதை எழுதுகிறவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் வருகிறது:

'மிச்சிகனின் வடகோடியில், பனி மூடிய காட்டின் ஆழத்தில், நாய்களின் குரைப்பு...'

வேண்டாம். காட்டில் நான் இல்லை. தம்பி வீட்டுச் சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

2

எங்கள் ஊரில் பாப்கேட்டின் எடையைக் கண்ணால்தான் சொல்வோம். பின்னங்காலைப் பிடித்துத் தூக்கி, உதட்டைப் பிதுக்கி, ஓர் எண். முப்பது பவுண்டுக்குக் குறைத்துச் சொன்னால் சுட்டவனை அவன் வீட்டிலேயே அவமானப்படுத்தியதாக அர்த்தம். (குளிர்கால ரோமம் பூனையை இரண்டு மடங்காகக் காட்டும். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.)

ரெய்னோ சுட்ட பூனையை, அவனோடு வேட்டைக்கு நாய்களைக் கொண்டுவந்த நண்பன் உர்ஹோ முதலில் தூக்கினான்.

"முப்பத்தஞ்சுக்குக் கொறையாதுடா."

"முப்பத்தஞ்சா? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? முப்பத்தெட்டு!" என்றான் ரெய்னோ.

3

[இதை முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பயமாக இருந்தது.]

இலையுதிர் காலத்தில் ரெய்னோவுக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வாரப் பரிசோதனையில் அவன் எடை நூற்று அறுபது பவுண்டுக்குக் கீழே இருந்தால் மறுபடி ஆஸ்பத்திரிப் படுக்கை, மூக்கு வழியாகக் குழாய். டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரெய்னோ எடைப்பலகையில் காலே வைக்கவில்லை. சில்வி கெஞ்சினால், "என்ன, சந்தையில விக்கப் போறியா?" என்பான்.

அன்று சில்வி சாதுவாகக் கேட்டாள். "எதுக்குச் சண்டை? பூனையத் தூக்கிட்டு ஏறுங்க. மொத்தம் எவ்வளவுன்னு பார்ப்போம்."

பெருமை அடிக்கும் ஆசையில் மனிதன் யோசிக்காமல் ஏறிவிட்டான். நூற்று எண்பத்தொன்பது.

"பாத்தியாடா!" என்று உர்ஹோவைப் பார்த்துச் சிரித்தான்.

சில்வி சிரிக்கவில்லை. "பூனை முப்பத்தெட்டுன்னா, நீங்க நூத்தி அம்பத்தொண்ணு."

அவன் இறங்கிக் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். பூனை மடியில் கிடந்தது.

"வெறுங்கையோட இன்னொரு தடவை ஏறேன்டா," என்றான் உர்ஹோ.

"மாட்டேன். போங்க எல்லாரும்."

4

இந்த இடத்தில் எனக்கு அதிகாரம் இருக்கிறது. நான் எழுதுகிற எண்தான் பூனையின் எடை. முதல் வரைவில் ஊர்ப் பழக்கம் விடாமல் முப்பத்தெட்டு என்றே எழுதினேன். திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது, மரியாதைக்காக என் தம்பியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த எண்ணை அடித்துவிட்டேன். பத்து என்று எழுதிப் பார்த்தேன். அவன் இடுப்பில் பெல்ட் இருந்த லட்சணத்தைப் பார்த்த யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே நடந்ததை எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. அதில்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம்.

5

"அண்ணி, நீங்க ஏறுங்களேன்," என்றாள் சில்வி. "பூனையோட ஒரு தடவை, பூனை இல்லாம ஒரு தடவை."

"உர்ஹோ வெளிய போகட்டும்."

"நான் கண்ண மூடிக்கறேன் அக்கா," என்றான் அந்தக் கிராதகன். மூடவில்லை.

பூனையோடு ஏறினேன். பூனை இல்லாமல் ஏறினேன். [என் எடை ... பவுண்டு. இந்தக் கதையில் நான் சொல்லாமல் விடுவது இது ஒன்றுதான்.] வித்தியாசம் இருபத்துநாலு.

சில்வி விரல்விட்டுக் கழித்தாள். "நூத்தி அறுபத்தஞ்சு," என்றாள். உடுப்புக்கு மூன்றைக் கழித்தாள். அப்போதும் தப்பித்தான். தரையில் உட்கார்ந்து பூனையின் காதுகளுக்கு நடுவே முத்தம் கொடுத்தாள், பிறகு அவனுக்கு. நான் வாய்விட்டு அழுதேன். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது.

ரெய்னோவுக்கு மட்டும் மூஞ்சி தொங்கிப்போயிற்று. "இருபத்துநாலா? இந்தப் பலகை தப்பு."

"தப்பா? அப்ப முப்பத்தெட்டுன்னே வெச்சுக்கலாமா?" என்றாள் சில்வி.

அவன் பூனையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இருபத்துநாலு," என்றான் முனகலாக. பிறகு, "சாப்பாடு ஆச்சா?"

[அவன் தானாகச் சாப்பாடு கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எழுதத் தொடங்கி...]

6

பரிசோதனையில் தேறிவிட்டான். பூனையின் தோல் இப்போது கூடத்துச் சுவரில் இருக்கிறது. போகிற வருகிற எல்லோரையும் அதன் முன்னால் நிறுத்திக் காப்பி கொடுக்கிறான்.

இந்தக் கதைக்கு முடிவு எழுத வேண்டியது நீங்கள்தான். இதோ, கோப்பை உங்கள் கையில். சமையலறையில் சில்வி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். ரெய்னோவின் கன்னத்தில் சதை ஏறியிருக்கிறது, பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தியிருக்கிறான். சுவரைக் காட்டிக் கேட்கிறான்:

"பாத்துச் சொல்லுங்க, எவ்வளவு இருந்திருக்கும்?"

தாராளமாகச் சொல்லுங்கள். இனி எவ்வளவு கழித்தாலும் அவன் தாங்குவான்.