மறப்பணு

1

இந்தக் கதை ஒரு படிவத்தின் பதினான்காம் கட்டத்தில் பிறந்தது. மற்றவர்களுக்கு ரயில் பயணத்தில், மழையில், பழைய காதலியின் மகள் கல்யாணத்தில் கதை கிடைக்கிறது. எனக்கு வாய்த்தது இதுதான்.

படிவம் என் மகளுக்கானது. பத்தாம் வகுப்பு. கெட்டிக்காரிதான், ஆனால் எந்தக் கணக்குத் தேர்விலும் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. மூன்றாவது கேள்வியிலேயே மனசு எங்கோ இறங்கிப் போய்விடும். அவளைப் பரிசோதித்த டாக்டர் ஜூலியா, ஏடிஎச்டி என்கிற கவனச் சிக்கலாக இருக்கலாம் என்றார். உறுதியானால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாமாம். அதற்காகப் பெற்றோர் நிரப்ப வேண்டிய நான்கு பக்கப் படிவத்தில் பதினான்காவது கேள்வி: குடும்பத்தில் வேறு யாருக்காவது இத்தகைய கவனச் சிக்கல் உண்டா?

நான் ஆங்கிலத்தில் 'நில்' என்று எழுதினேன்.

தில்லியில், மத்திய அரசில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன். எங்கள் அமைச்சகத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. சொல்ல ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்பதையும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அதற்குப் பெயர் நில் ரிப்போர்ட். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் கை எழுதிவிட்டது.

மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அச்சா," என்றாள். "அப்போ எனக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டு மேகி கிளறப் போய்விட்டாள். அந்த 'மட்டும்' எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பொய்யைப் படிவத்திலேயே விட்டுவிட்டு, உண்மையைக் கதையில் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

2

உண்மையை எழுத முதல் தேவை வேறொரு பெயர். சங்கரநாராயணன் என்று வைத்தேன். அவர் நானில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: "லோதி ரோடு அரசுக் குடியிருப்பில், வேப்பமரத்தைப் பார்த்த ஜன்னலருகே அமர்ந்து சங்கரநாராயணன் தன் மகளின்—"

(இந்த இடத்தில் பால்காரர் மணியடித்தார். பாலை வாங்கி அடுப்பில் வைத்தேன். அப்படியே பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். திரும்பி வந்தபோது பால் பொங்கியிருந்தது, வாக்கியம் ஆறிப் போயிருந்தது.)

இரண்டாவது தொடக்கம், கட்டுரை பாணியில்: "கவனச் சிக்கலுக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. ஏராளமான மரபணு வேறுபாடுகள் துளித்துளியாகச் சேர்ந்துதான் அதற்கு வழி செய்கின்றன."*

(* இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இதில் மரபின் பங்கு எழுபதிலிருந்து எண்பது விழுக்காடு வரை என்கின்றன. உயரத்துக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். அதற்காக என் மகளின் சிக்கலில் முக்கால்வாசி என் உபயம் என்று அர்த்தமில்லை. அது மக்கள்தொகையில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு, ஒரு பெண்ணைப் பற்றியது அல்ல. டாக்டர் ஜூலியா இதை இரண்டு முறை விளக்கினார். முதல் முறை நான் அவர் மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

வாசித்துக் காட்டினேன். என் மனைவி வத்சலா கொட்டாவி விட்டாள்.

மூன்றாவது தொடக்கம்: "சங்கரநாராயணன் ஒருநாள் ஸ்கூட்டரில் அலுவலகம் போனார். சாயங்காலம் பஸ்ஸில் வீடு திரும்பினார். மறுநாள் காலை, ஸ்கூட்டர் திருட்டுப் போய்விட்டதென்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்."

இது எனக்குப் பிடித்துப் போயிற்று. இதையே வைத்துக்கொண்டு மளமளவென்று ஆறு பக்கம் எழுதினேன்.

3

எழுதி முடித்ததும் சங்கரநாராயணன் மேல் சந்தேகம் வந்தது. இப்படிப்பட்டவர் எப்படி செக்‌ஷன் ஆபீசர் வரை வந்தார் என்று வாசகர் கேட்பார். பதில் இருக்கிறது: மூன்று அலாரம், சட்டைப்பை நிறையத் துண்டுச் சீட்டு, கடைசி நாளின் கிலி. பாராளுமன்றக் கேள்விக்கு நாளைக்குள் பதில் வேண்டுமென்றால் நான்கு பேர் வேலையை ஒரே பிற்பகலில் முடித்துவிடுவார். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தால் அந்தக் கோப்பை அலமாரிக்குப் பின்னால் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் அவர் ஏன் படிவத்தில் பொய் எழுதினார்? அவருக்குத் தெரியாது, அதனால்— (தெரியும்.) அவர் மனைவிக்குப் பயந்து— (இல்லை, வத்சலா பாவம்.)

சரி, சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அவருடைய மதிப்பெண் அட்டைகளில் எல்லா வாத்தியார்களும் எழுதிய குறிப்பு ஒன்றுதான்: கவனக்குறைவு. அப்பா ஒவ்வொரு முறையும் அட்டையில் ஒரு கையெழுத்தும் முதுகில் ஒரு கையெழுத்தும் போட்டார். இந்தச் சிக்கலின் தமிழ்ப் பெயரும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது: கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு. மற்றவர்களுக்கு அது ஒரு நோயின் பெயர், அவருக்குக் குற்றப்பத்திரிகை. ஐம்பத்திரண்டு வயதில் அதைத் தன் கையாலேயே எழுதிக்கொள்ள அவருக்குப் பயமாக இருந்தது.

4

வெள்ளிக்கிழமை மாலை டாக்டரைப் பார்க்க வேண்டும். மதியம் படிவம் இருந்த கோப்பை மகளிடம் கொடுத்துப் பையில் வைக்கச் சொன்னேன். படிவத்தோடு கதைத்தாள்களையும் சேர்த்து டேக் போட்டுக் கட்டியிருந்தேன் என்பது எனக்கே தெரியாது.

அவள் தமிழ் படிப்பதில்லை. ஐந்தாவது வரை பள்ளியில் கற்ற எழுத்துகள்தான். ஆனால் தன் பெயரைத் தமிழில் கண்டால் தெரியும். எனக்குப் பதில் சங்கரநாராயணனை உண்டாக்கிய நான், அவருடைய மகளுக்கு வேறு பெயர் வைக்க மறந்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஏழு இடத்தில் மாதங்கி, மாதங்கி என்று இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் பென்சிலோடு வந்தாள்.

"அப்பா, இந்த ஸ்கூட்டர் அங்கிள் நீதானே?"

"கதைடி அது."

"ஜூட் சொல்லாதே, எல்லாம் பொய். அம்மா! அப்பா போலீஸ் ஸ்டேஷன் போனாரா இல்லியா?"

"ரெண்டு தடவை," என்று சமையலறையிலிருந்து வத்சலாவின் குரல் வந்தது.

"அப்பறம், உன் ஸ்பெல்லிங் எல்லாம் கலத். ஒரே மிஸ்டேக்கை எல்லா எடத்துலயும் பண்ணிருக்கே. நான் கரெக்ட் பண்ணிட்டேன்."

வாங்கிப் பார்த்தேன். 'மரபணு' வந்த இடங்களையெல்லாம் அடித்து, மேலே பென்சிலால் எழுதியிருந்தாள்: மறப்பணு.

"மறக்கறதுக்குப் பெரிய ற தானே? மத்லப், மறக்கற அணு. உங்கிட்டேர்ந்து எனக்கு வந்தது."

தில்லியில் பிறந்த பிள்ளையின் தமிழைத் திருத்துவது என் அன்றாட வேலை. அன்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

"அப்போ ஃபார்ம்ல ஏன் நில் போட்டே?"

"ஆபீஸ் பழக்கம்," என்றேன். நம்பவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"எழுத வேண்டாம்னா எழுதாதேப்பா. ஆனா நில்னு மட்டும் போடாதே. காலியா விட்டுடு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

5

முடிவு ஒன்று: சங்கரநாராயணன் கட்டத்தைக் காலியாக விடுகிறார். முடிவு இரண்டு: அவர் உருகி உருகி ஒன்றரைப் பக்க வசனம் பேச, வாசகர் எழுந்து பஸ் பிடிக்கப் போய்விடுகிறார். இரண்டும் வேண்டாம். சங்கரநாராயணனே வேண்டாம். இன்றோடு அவருக்குப் பணி ஓய்வு.

நான் 'நில்' மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட்டேன். அரசுக் கோப்பில் அடித்தல் திருத்தல் அப்படித்தான் செய்ய வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் 'தந்தை' என்று எழுதினேன்.

அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்த உறவினரைப் பற்றிச் சில வரிகள் எழுதவும்.

"என்னன்னு எழுதறது?" என்று வத்சலாவைக் கேட்டேன்.

"எடம் பத்தாது," என்றாள்.

மாதங்கி என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். "நான் எழுதறேன். நீ பாக்கக் கூடாது."

இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். ஆங்கிலப் படிவத்தில் தமிழில் எழுதுகிறாள் என்பது பேனா சுழன்ற விதத்தில் தெரிந்தது. டாக்டர் ஜூலியாவுக்குத் தமிழ் தெரியும் என்பதாலா, வேறு காரணமா, நான் கேட்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி எழுதினாள். நடுவில் எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறக்கவில்லை. போன் இரண்டு முறை அதிர்ந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. பதினொரு நிமிடம் ஆயிற்று. பிறகு மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.

டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், படிவத்தைத் தன் கோப்பில் வைத்து மூடினார். அறிக்கை இன்னும் வரவில்லை. கூடுதல் நேரம் கிடைக்குமா என்றும் தெரியாது. ஆக, இந்தக் கதையின் கடைசி வரிகள் என்னிடம் இல்லை. ஒரு மகள் தன் அப்பாவைப் பற்றி, தனக்குச் சரியாக வராத மொழியில், பதினொரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து என்ன எழுதியிருப்பாள்? நீங்களே எழுதிப் பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.