பன்னிரண்டு பத்துக்கு விழும் கல்

மதியச் சாப்பாட்டுக்கு ஓடிய என் கால் ஒயரில் மாட்டியது. திரை இருண்டது. எங்கள் வீடியோ கேமில் விழுகிற ஒரு கல்லுக்காக என் சீனியர் மிபு-சான் பத்தொன்பது நாள் உட்கார்ந்து எழுதிய நிரல் அதோடு போயிற்று. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. ஃபிளாப்பியில் நகல் எடுத்து வைக்கும் முறை அந்த மாதம் யாருடையது என்று பட்டியலைப் பார்த்தேன். என்னுடையதுதான்.

மிபு-சான் கத்தவில்லை. இருண்ட திரையைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"பரவாயில்ல, இசொகாய். கால்ல அடிபடலையே?"

கோபத்தை மறைத்தே பேசும் எங்கள் கியோட்டோவில் 'பரவாயில்லை'யைப் போலப் பயங்கரமான சொல் வேறு கிடையாது. அவர் அலுவலகச் செருப்பைக் கழற்றி அலமாரியில் ஒழுங்காக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. செருப்பு மட்டும் இருந்தது.

கட்டம் போட்ட தாளில் எங்கள் கேம் பொம்மைகளுக்கு முகம் வரைகிற நிஷிகோரி-சானிடம் போனேன்.

"மிபு-சானுக்கு என்னங்க ஆச்சு?"

"அது கொஞ்சம்..."

அவ்வளவுதான். எங்கள் ஊரில் அதுவே முழு வாக்கியம். சளி பிடித்திருக்கிறது என்பதிலிருந்து ஆளை எரித்தாயிற்று என்பது வரை எல்லாம் அதற்குள் அடங்கும்.

மாத முடிவில் கேம் கேசட் தயாரிப்புக்காகத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். கல்லை நானே திரும்ப எழுதினேன். ஆட்டத்தில் ஒரு தபால்காரன் கோட்டைக்குள் குதித்துக் குதித்துப் போவான். கூரையில் முகம் சுளித்த ஒரு கல் தொங்கும். அவன் கீழே வந்தால் தொம்மென்று விழும், பிறகு மெல்ல மேலேறும். மிபு-சான் அதை நாலு பக்கத்தில் எழுதியிருந்தார். நான் பன்னிரண்டு வரியில் முடித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் முன்வரவில்லை.

அடுத்த நாள் சோற்றுருண்டையைக் கடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரன் ஓரமாகச் சும்மா நின்றிருந்தான். கல்லுக்குக் கீழே யாருமில்லை. கல் விழுந்தது.

தொம்.

மெல்ல ஏறியது. ஏறும்போது அதன் கண்கள் கீழே, இடப்பக்கமாகத் திரும்பியிருந்தன. நேராகப் பார்க்கும் கண்களைத்தான் நிஷிகோரி-சான் வரைந்திருந்தார். வேறு கண்கள் அந்தக் கேசட்டிலேயே கிடையாது. கீழே, இடப்பக்கம், மேசைக்கடியில் இருந்தது என் கால். உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மணி பன்னிரண்டு பத்து.

மறுநாளும் அதே நேரம், அதே பார்வை. பன்னிரண்டு வரியையும் நாற்பது தடவை படித்தேன். மூன்றாம் நாள் இயந்திரத்தை அணைத்து, ஒயரையும் பிடுங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அப்போதும் தொம் கேட்டது. எங்கிருந்து என்று சொல்லத் தெரியவில்லை. தேநீரில் ஒரு வளையம் விரிந்தது.

நான்காம் நாள் நிஷிகோரி-சானையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். கல் விழுந்தது. அவர் குச்சியிலிருந்த நூடுல்ஸ் வாய்க்குப் போகாமல் நின்றது.

"கண்ணை நீங்க மாத்தி வரைஞ்சீங்களா?"

"எனக்கு வேற வேலையில்லையா?" என்றார். நூடுல்ஸைக் கிண்ணத்திலேயே திரும்பப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செத்தவங்கதான் ஆவியா வரணும்னு இல்ல, இசொகாய்-சான். உயிரோட இருக்கிறவங்க கோபமும் உடம்பை விட்டுட்டுத் தனியா கிளம்பி வரும்."

"அப்ப மிபு-சான் உயிரோட இருக்காரா?"

"அது கொஞ்சம்..."

சனிக்கிழமை மிபு-சானின் மேசையில் ஒரு தேநீர்க் கோப்பை. அதில் இறந்தவர்களுக்கு வைக்கும் வெள்ளைச் சாமந்தி.

"இது யாருக்கு?"

"கல்லறைக்கு வாங்கினது. மிச்சம்" என்றார் நிஷிகோரி-சான்.

ஊரே முன்னோர் கல்லறைக்குப் போகிற செப்டம்பர் வாரம்தான் அது. "யார் கல்லறை?" என்றேன். தொலைபேசி அடித்தது. மணிக்கணக்கில் பேசினார்.

என் கால் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டதா இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் பயறுப் பாகு இனிப்புக் கட்டி வாங்கிப் போவது வழக்கம். தப்பின் கனம் கையில் தெரிய வேண்டும். இரண்டரைக் கிலோ வாங்கினேன். துக்கம் கேட்க நேர்ந்தால் என்ன செய்வது என்று சட்டைப் பைக்குள் ஜபமாலையும் வைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது மிபு-சானேதான். பனியன், நாலு நாள் தாடி, சுளித்த புருவம். நான் இடுப்பை மடக்கிக் குனிந்த வேகத்தில் ஜபமாலை அவர் காலடியில் போய் விழுந்தது.

"யாரு போயிட்டாங்க?"

"யாருமில்லீங்க. நீங்கன்னு நெனச்சேன்."

குனிந்து எடுத்துக் கொடுத்தார். "பரவாயில்ல."

ஜபமாலையை வாங்கக் கை நீட்டினேன். இனிப்புப் பெட்டி நழுவி வாசற்படியில் விழுந்தது. தொம். இருவரும் அதையே பார்த்தோம். உள்ளே கடிகாரம் பன்னிரண்டு பத்தைக் காட்டியது.

"மிபு-சான், கல்லு தினமும் இதே நேரத்துக்கு விழுது. கீழ யாருமே இல்லாதப்ப. விழுந்துட்டு என் காலையே பாக்குது. தயவுசெஞ்சு பரவாயில்லன்னு மட்டும் சொல்லாதீங்க. கோபமா இருக்கீங்களா?"

அவர் கண்கள் மெல்லக் கீழே, இடப்பக்கமாகத் திரும்பின. இந்தத் தடவை நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆமா" என்றார். "பத்தொன்பது நாள் வேலைடா. சாப்பிட உக்காந்தா உன் கால்தான் கண்ணு முன்னாடி வருது. மேலேருந்து அப்படியே விழுந்து நசுக்கணும்போல இருக்கு."