செருமல் சார்

முகத்தைச் சுளித்துக்கொண்டு பேனாவைக் கடித்தால் அக்காவுக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம். தேர்வு அறையில் மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்த தம்பிக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பம்பு தொழிற்சாலையில் யார் யாரோ யோசித்ததற்கெல்லாம் படம் வரைந்தே அலுத்துப்போனவள் அக்கா. நாற்பது வயதில் மாலைநேரப் பொறியியல் பட்டத்துக்கு இடம் வாங்கிவிட்டாள். ஆனால் அதற்கு முன் ஆயத்தக் கணித வகுப்பில் தேற வேண்டும். போன முறை இரண்டு மதிப்பெண்ணில் கோட்டை விட்டாள். இந்த முறையும் தவறினால் இடமும் போய்விடும். பாடம் எடுக்க வாய்த்தவனோ கூடப்பிறந்த தம்பி. வீட்டில் "டேய்", வகுப்பில் "சார்".

"எனக்குன்னு ஏதாவது சலுகை காட்டினே, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் செருமல் சார். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் எக்ஸ் இருந்தால் போதும், பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது, இரண்டையும் அடித்துவிடுவார்கள். எக்ஸ் பூஜ்யமாகவும் இருக்கலாமே, அந்த விடையும் அதோடு தொலைந்துபோகும். கத்திக் கத்தி வாய் வலித்துப்போனதால், பிறகு அவன் தொண்டையை மட்டும் செருமினான். சார் செருமினால் யாரோ எக்ஸை அடித்துவிட்டார்கள் என்று வகுப்புக்கே தெரியும்.

அக்காவின் மேசையருகே வந்தான். கடைசிக் கணக்கு. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, அக்கா இரண்டு எக்ஸையும் கோடு போட்டு அடித்திருந்தாள். மேலேயும் சில கணக்குகள் பிசகியிருந்தன. இதுவும் போனால் தேறமாட்டாள்.

காலையிலிருந்தே அவனுக்குச் சளி வேறு. எச்சிலை விழுங்கிக்கொண்டு, வாசலருகே இருந்த தண்ணீர் பாட்டிலை நோக்கி வேகமாக நடந்தான். மூடியைத் திறப்பதற்குள் செருமிவிட்டான். சளியா, பாசமா என்று அவனுக்கே விளங்கவில்லை.

அறை முழுக்கப் பேனாக்கள் நின்றன. எல்லோரும் குனிந்து தங்கள் தாளில் அடிபட்ட எக்ஸைத் தேட ஆரம்பித்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு எதையோ திருத்தினாள். மணியடிக்க இன்னும் நேரமிருந்தது.

"தண்ணி குடிங்க சார்" என்றாள் அக்கா.

அவள் குனியவில்லை. அவனையே பார்த்தபடி தாளைக் கவிழ்த்து வைத்து, பேனாவுக்கு மூடி போட்டாள்.