ரப்பர் கை

கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தைக் கணவன் காலை எட்டு மணி வரைக்கும் தொடவே இல்லை.

சாப்பாட்டு மேசைமேல் பேனாவோடு சேர்த்து அவள் அதை வைத்திருந்தாள். அவன் ஏதோ தேள் கிடக்கிற மாதிரி அதற்கு எட்டத் தட்டை வைத்து, சாப்பிட்டு முடித்து, கையையும் கழுவிக்கொண்டு வந்துவிட்டான்.

"என்னங்க, இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"அவங்க வந்துட்டுப் போகட்டுமே. அப்புறம் பார்த்துக்கலாம்."

அவங்க என்றால், அவன் தங்கையைப் பார்க்க அன்று மாலை வரவிருந்த மாப்பிள்ளை வீட்டார். "எங்க மருமகள் காலேஜ் புரொபசர்" என்று மாமியார் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். பொய் என்று சொல்ல முடியாது. நர்சிங் கல்லூரியில் ஒன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறவள்தான். நர்சிங் என்ற சொல்லை மட்டும் மாமியார் விழுங்கிவிட்டாள். அடுத்தவர் மலமூத்திரம் அள்ளுகிற வேலை என்பது அவள் எண்ணம். புரொபசர் கையில் சாக்பீஸ் தூளைத் தவிர வேறெதுவும் ஒட்டாது அல்லவா?

காகிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு காலை, கல்லூரியை ஒட்டிய ஆஸ்பத்திரி வார்டில் மற்ற நர்சுகளைப் போல நோயாளிகளைக் கவனிக்க அனுமதி வேண்டும் என்று அவளே எழுதிக் கேட்டிருந்தாள். அடியில், 'கணவர் அல்லது தந்தையின் சம்மதம்' என்று ஒரு கோடு. கூடுதல் வேலை கேட்பவள் பெண்ணாக இருந்தால் மட்டும் முளைக்கிற கோடு அது. அதே கல்லூரியின் இரண்டு ஆண் ஆசிரியர்களிடம் மனைவி சம்மதித்தாளா என்று யாரும் கேட்டதில்லை.

"வார்டுல நீ யார் கண்ணுலயாவது பட்டேன்னா பேச்சு முறிஞ்சுடும்மா" என்றாள் மாமியார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மகளுக்கு வந்த இரண்டு இடங்கள் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தன.

பதில் பேசினால் அவளுக்கு அழுகை வரும், அழுதால் பஸ் போய்விடும். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

இந்த இரண்டு காலைக்காக அவள் இப்படி மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் வார்டில் பன்னிரண்டு மாணவிகளைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, ஒரு பெரியவருக்கு மருந்து ஏற்றும் ஊசியைப் போட்டுக்காட்டினாள். வகுப்பறையில் ஒன்பது வருடமாக, ஊசி போட்டுப் பழக வைத்திருக்கும் ரப்பர் கையில் போட்டுக்காட்டியதுதான். ரப்பர் கை நல்ல பிள்ளை. அதன் நரம்பு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும், வலிக்கிறது என்றும் சொல்லாது. பெரியவரின் நரம்போ ஊசி பட்டதும் நழுவியது. இரண்டாவது தடவை நரம்பைத் துளைத்துக்கொண்டு போய், தோல் நீலமாக வீங்கிவிட்டது. வார்டு சிஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் புது ஊசியோடு வந்து, மற்றக் கையில் ஒரே குத்தில் முடித்தாள்.

"பரவால்லம்மா, படிக்கிற பொண்ணுதானே" என்று பெரியவர் அவளைத் தேற்றினார். மாணவிகள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கல்லூரியில் அன்று ஆசிரியர் நலநாள். சாப்பாட்டு நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து, மனக்கவலையை அதற்குள் ஊதச் சொன்னார்கள். ஏழு பேர் வேலையை நான்கு பேர் பார்க்கிற இடம். கவலைக்குக் குறைவில்லை, மூச்சுதான் போதவில்லை. பக்கத்தில் இருந்த ஆசிரியை, வெறும் வயிற்றில் ஊதினால் தலை சுற்றுகிறது என்று முணுமுணுத்தாள். பிறகு 'இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேனா' என்று ஒரு படிவம் வந்தது. பெயர் எழுதி, முதல்வரம்மாவிடமே நேரில் கொடுக்க வேண்டுமாம். எல்லோரும் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள்.

அவள் இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு முதல்வரம்மாவின் அறைக்குப் போனாள். மகிழ்ச்சிப் படிவத்தில் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. முதல்வரம்மா அதை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பார்த்தாள்.

"வீட்டுல கையெழுத்துப் போடலையா? அப்புறம் எதுக்கு இந்த அடம்? டீச்சரா இருந்துக்கிட்டுப் பெட்பேன் தூக்கினா பிள்ளைங்க மதிக்குமா? நான் வார்டு வேலையை விட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. எனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"எனக்குக் குறைஞ்சுதான் போச்சு மேடம். கை மறந்துபோச்சு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிக்கொடுக்க எனக்கு வெட்கமா இருக்கு."

சொல்லிவிட்டு மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். சம்மதக் கோட்டின்மேல் இன்னொரு கோடு போட்டு அடித்து, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். முதல்வரம்மா அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நாளைக்கு வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன் என்று எச்சரித்துவிட்டு, வேண்டாவெறுப்பாக அனுமதி எழுதினாள்.

மாலையில் வீடு நிறைய நாற்காலி. மாப்பிள்ளை, அவன் அப்பா, அம்மா மூவரும் வந்திருந்தார்கள். நாத்தனார் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று கணவன் உள்ளேயே சொல்லி அனுப்பியிருந்தான். அவள் தேநீர் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா, என்ன பாடம் எடுக்கிறாள் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"சயின்ஸ்" என்று முந்திக்கொண்டாள் மாமியார்.

பகலில் அவ்வளவு பேசிவிட்டு வந்து இங்கே ஊமையாக நிற்க அவளால் முடியவில்லை.

"நர்சிங் சொல்லிக்கொடுக்கறேன். இந்த வாரத்துலேருந்து ரெண்டு நாள் வார்டுல நர்ஸ் வேலையும் பார்க்கப் போறேன்."

கணவனின் முகம் சுண்டிப்போனது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவோ மலர்ந்துபோனாள்.

"அட, இதை ஏன் முதல்லயே சொல்லலை? எங்க மாமனார் ரெண்டு வருஷமாப் படுத்த படுக்கை. துடைக்கணும், திருப்பிப் போடணும், எல்லாம் படுக்கையிலதான். என் இடுப்பு போச்சு. கல்யாணத்துக்குள்ள உங்க நாத்தனாருக்கு எல்லாத்தையும் பழக்கிவிட்டுடுங்க. வெளியாளை வெச்சா கௌரவமா இருக்காது பாருங்க."

மாமியார் தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். சம்பளத்துக்குச் செய்தால் இழிவாக இருந்த வேலை, மருமகள் சும்மா செய்தால் கௌரவமாகிவிட்டது. அதைச் செய்யப்போகிறவள் இப்போது தன் மகள்.

தேநீர்த் தட்டோடு நின்றவளுக்கு ஆத்திரம் பொங்கியது. தட்டைக் கீழே வைத்தாள்.

"கண்டிப்பாப் பழக்கறேங்க. அதுக்குன்னு சின்னதா ஒரு பயிற்சி இருக்கு, சனிக்கிழமை காலையில நான்தான் நடத்தறேன். உங்க மகனையும் அனுப்பிவைங்க. அவரோட தாத்தாதானே?"

மாப்பிள்ளையின் அப்பா இருமினார். மாப்பிள்ளை தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினான். அதுவரை குனிந்தே இருந்த நாத்தனார் தலையை நிமிர்த்தி, அவன் என்ன பதில் சொல்லப்போகிறான் என்று நேராக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.