மூடிய புட்டி

தன் வீட்டுப் பிள்ளை யாரிடமும் கைநீட்டக் கூடாது என்பது ஜட்ஜ் தாத்தாவின் வாழ்நாள் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

நான்கு வயதுப் பேத்திக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பயிற்சி மையத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் முதுநிலை படிக்கும் மாணவி. அவளுக்கும் அது பயிற்சிதான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பேராசிரியை உட்கார்ந்து கவனிப்பார். மாணவி சோப்புக் குமிழ் ஊதுவாள். பிறகு புட்டியை மூடிக்கொண்டு சும்மா இருப்பாள். குமிழ்ப் படம் போட்ட அட்டையைக் குழந்தை எடுத்துக் கொடுத்தால்தான் மறுபடி ஊதுவாள். அதையும் இதுவரை கையைப் பிடித்து நகர்த்தித்தான் எடுக்கவைக்க முடிந்தது.

"ஏம்மா, ஜட்ஜ் வீட்டுப் பிள்ளையைப் பிச்சை எடுக்கப் பழக்குறியா?"

"கேக்கிறது பிச்சை இல்ல தாத்தா. வீட்டுல கேக்கிறதுக்கு முன்னாடியே எல்லாம் கைக்கு வந்துடுது. அப்புறம் அவ எதுக்குக் கேக்கணும்?"

"அடேங்கப்பா! நீ ஜட்ஜுக்கே பாடம் எடுப்ப போலிருக்கே!"

மாணவியின் கடைசி நாளன்று, வீட்டில் ஒருவராவது பழகிக்கொள்ளட்டும் என்று தாத்தாவையே உள்ளே உட்காரவைத்து, புட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"அவ குடுக்கிற வரைக்கும் திறக்காதீங்க தாத்தா."

பேத்தி புட்டியைப் பார்த்தாள். உதடு கோணியது. கண்ணில் நீர் கோத்தது. பிறகு, யாரும் கையைப் பிடித்து நகர்த்தாமல், முதல் தடவையாகத் தானே அட்டையை எடுத்தாள். அட்டை பாதி வழி வந்துவிட்டது. அந்தச் சின்னக் கை நீள்வதைக் கண்ணாடிக்குப் பின்னால் அயலார் பார்க்கிறார்கள் என்பது தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"என் ராஜாத்தி எதுக்குக் கையேந்தணும்?"

மூடியைத் திறந்து ஊதிவிட்டார். அட்டை தரையில் விழுந்தது. பேத்தி குமிழ்களின் பின்னால் ஓடினாள். மாணவி புட்டியை வாங்கி மீண்டும் மூடிப் பார்த்தாள். பேத்தி அட்டையைத் தொடவே இல்லை.

அடுத்து வந்த மாணவியிடம் அவள் ஒட்டவில்லை; அட்டையைக் கண்டாலே வீசியெறிந்தாள். தாத்தா பழைய மாணவியைத் தொலைபேசியில் பிடித்தார். கேட்டுப் பழகாத வாய் தடுமாறியது.

"இன்னும் கொஞ்ச நாள் வந்துட்டுப் போம்மா. கெஞ்சித்தான் கேக்கிறேன்."

"எனக்கு வேற ஊர்ல வேலை போட்டுட்டாங்க தாத்தா. நீங்களே புட்டியை மூடிட்டுக் காத்திருங்க."

காத்திருந்தார். பேத்தி அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு கருவியை எடுத்து வைப்பதுபோலப் புட்டியின்மேல் வைத்தாள். அவர் அசையவில்லை. அவள் கையை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எவரிடமும் எதையும் கேட்காமல் நிமிர்ந்திருந்தது அந்த முதுகு. ஜட்ஜ் வீட்டு முதுகு.