காப்பியைக் கீழே வைத்தவர்

என் நினைவாற்றலைப் பற்றி ஜோர்டானில் எங்கள் ஊரான இர்பித்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிறுவயதிலேயே குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவள் நான். அதே தெம்பில் ஆங்கில அகராதியையும் பக்கம் பக்கமாக விழுங்கினேன். ஆனாலும் டப்ளினில் நர்ஸ் வேலைக்குப் போக எழுதிய வாசிப்புத் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வினேன். தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடுவேன்; பாதி படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். எங்கள் வீட்டிலேயே வளர்ந்த சித்தப்பா மகள் ஷுரூக்குக்கு என்னில் பாதிச் சொற்கள்கூடத் தெரியாது. அவள் முதல் முறையே தேறிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இந்த முறையும் தவறினால் வேலை கைநழுவிவிடும்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தெருக்கோடி அபூ முத்தசிம் மூன்று பெரியவர்களோடு வந்தார். அப்பா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். கேட்டு வந்த காரியத்துக்குச் சம்மதம் கிடைத்த பிறகே குடிப்பது எங்கள் ஊர் வழக்கம். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த நான் ஷுரூக்கைக் கிள்ளினேன்.

"உன்னத்தான்டி பொண்ணு கேட்டு வந்திருக்காங்க."

"யாரும் இன்னும் வாயே தெறக்கலையே?"

"காப்பி கீழ இருக்கு. நாலு பேரும் நல்ல அங்கி போட்டிருக்காங்க. அவர் வீட்ல கல்யாண வயசுல பையன் இருக்கான். வேற என்ன சொல்லணும்?"

"இவ்வளவு தெரியுது, இங்கிலீஷ்ல மட்டும் ஏன்டி ஒரே சொல்லுல முட்டிக்கிட்டு நிக்கற?"

சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் உள்ளே அபூ முத்தசிம் பெண் கேட்டார். அவர் சொன்னது என் பெயரை.

ஷுரூக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஊகிச்சா மட்டும் போதாது ருதைனா. கடைசி வரைக்கும் படிச்சுப் பாக்கணும்."

தேர்வு முடியட்டும் என்று அப்பா தவணை சொன்னார். காப்பி அப்படியே ஆறிப்போனது. அவர் மகன் முத்தசிமை எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் டப்ளினை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை.

தேர்வில் வாயில் நுழையாத ஒரு சொல் வந்தது. அங்கேயே நிற்காமல் அதைச் சுற்றியிருந்த வரிகளைப் பார்த்தேன். வானம் கறுத்தது, விளைந்த பயிர் காணாமல் போனது, விவசாயிகள் அழுதார்கள். புயல் என்று வைத்துக்கொண்டு மேலே போனேன். கடைசி வரிகளில் ஊரே தகரத்தைத் தட்டி அதை விரட்டியது. தகரம் தட்டிப் புயலை யார் விரட்டுவார்? வெட்டுக்கிளி! விடையைத் திருத்தினேன்.

தேறிவிட்டேன். அபூ முத்தசிம் மறுபடி வந்தார். மறுபடி காப்பியைக் கீழே வைத்தார். இந்த முறை நானே உள்ளே போனேன்.

"மாமா, முதல்ல டப்ளின். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கல்யாணம். காத்திருப்பீங்கன்னா குடிங்க."

அவர் கை கோப்பையை எடுத்தது. நான் அவசரப்படவில்லை. அவர் கடைசிச் சொட்டுவரை குடித்த பிறகுதான் ஷுரூக்கைத் திரும்பிப் பார்த்தேன்.